நாணலுக்குப் போன வாளி

பருத்திப் பண்ணையின் ஏழாம் பிரிவுக்குள் துப்பாக்கிக்காரர்கள் நுழைந்த காலையில் ஓய்நிசா தன் தோட்டத்தில் கேரட் தோண்டிக்கொண்டிருந்தாள். உறைபனி இறங்குவதற்குள் கேரட்டை எடுத்துக் குழியில் மணலோடு புதைத்துவிட வேண்டும். கோடையில் தொடங்கிய உள்நாட்டுச் சண்டை நவம்பருக்குள் வக்ஷ் ஆற்றுச் சமவெளி முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தது. கடைகளில் மாவு இல்லை, எண்ணெய் இல்லை. குளிர்காலத்தைத் தாண்ட வேண்டுமென்றால் அவரவர் தோட்டத்து மண்தான் கதி.

பக்கத்து வீட்டு வாசலில் துப்பாக்கி நாலைந்து முறை வெடித்தது. ஓய்நிசா மண்சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். டிராக்டர் மெக்கானிக் கதோய் தன் வீட்டு வாசற்படியில் மல்லாந்து கிடந்தான். ஒரு கால் செருப்போடு இருந்தது, இன்னொன்றில் செருப்பு இல்லை. உள்ளே தந்தூர் அடுப்பில் அவன் மனைவி மவ்லுதா ஒட்டியிருந்த ரொட்டிகள் கருகும் வாசனை வந்தது. சுட்டவன் ஹைதர். போன வருஷம்வரை பண்ணைப் பட்டறையில் கதோயிடம் வெல்டிங் கற்றுக்கொண்டவன்.

கதோய் செய்த குற்றம் மலைக்காரர்கள் வீட்டில் பிறந்தது. நாற்பது வருஷத்துக்கு முன் மலையிலிருந்து அவன் சனங்களையும், குலாப் பக்கத்திலிருந்து ஓய்நிசாவின் சனங்களையும் அரசாங்கம் ஒரே மாதிரி லாரிகளில் ஏற்றிவந்து பருத்தி போடச் சொல்லி இறக்கிவிட்டது. ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே இடுகாடு. இப்போது குலாப்காரர்கள், யார் எந்த லாரியில் வந்தார்கள் என்று விசாரித்து விசாரித்துச் சுட்டார்கள்.

சுவருக்கு அடியில் வாய்க்கால் நுழையும் ஓட்டை வழியாக மவ்லுதா ஊர்ந்து வந்தாள். பின்னாலேயே இரண்டு பெண்களும் வந்தார்கள். மூவர் உடம்பிலும் சேறு. ஓய்நிசா கேரட்டுக்காக வெட்டிய குழியில் மூவரையும் படுக்கவைத்து, மேலே பருத்திமாரை அள்ளிப் போட்டாள். துப்பாக்கிக்காரர்கள் அடுத்த தெருவுக்குப் போனதும் மாட்டை முன்னால் ஓட்டிவிட்டு, அதன் மறைவில் அவர்களை வயலுக்கு அப்பால் இருந்த நாணல் காட்டுக்குக் கூட்டிப்போனாள். ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு மடங்கு வளர்ந்த நாணல். காட்டுப்பன்றியும் நரியும் தவிர யாரும் போகாத இடம். பொழுது சாய்வதற்குள் அங்கே பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். மவ்லுதாவும் பெண்களும், தையல்காரி சலோமத்தும் அவள் மூன்று குழந்தைகளும், பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியும் அவள் இரண்டு பிள்ளைகளும், தொடையில் குண்டு பாய்ந்த மிர்சோ கிழவரும்.

மறுநாள் ஹைதர் ஓய்நிசாவின் வீட்டுக்கு வந்தான். பத்தொன்பது வருஷம் பண்ணைச் சமையல்கூடத்தில் நாற்பது ஐம்பது பேருக்கு ஆக்கிப்போட்டவள் அவள். அவள் கைப் புலாவைத் தின்றுதான் ஹைதரே வளர்ந்தான். கணவன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. ஒரே மகன் சைபீரியாவில் பட்டாளத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். தனிக்கட்டை. முற்றமும் பெரியது.

"இனிமே நம்ம பசங்க இருபத்திரண்டு பேருக்கும் இங்கதான் சாப்பாடு. அரிசி, ஆடு எல்லாம் நான் கொண்டாந்து போடறேன். நீ ஆக்கிப் போடு, போதும். வேற எதையும் பாக்காதே, கேக்காதே" என்றான்.

அவன் கொண்டுவந்து கட்டிய ஆடுகளில் ஒன்று மவ்லுதாவுடையது. அதன் காதில் மவ்லுதா கட்டிய நீலத்துணி அப்படியே இருந்தது. அந்த ஆட்டை முற்றத்திலேயே அறுத்தார்கள். ஓய்நிசா வால் கொழுப்பை உருக்கி, வெங்காயத்தைப் போட்டு, கறியைப் போட்டு, கேரட்டை நீளநீளமாக அரிந்து போட்டு, அரிசியை அண்டாவில் பரப்பி மூடினாள். அவர்கள் வட்டமாக உட்கார்ந்து தின்றார்கள். தின்றபடியே அன்று யார் வீட்டில் என்ன செய்தோம் என்று பேசினார்கள். யாரைக் கிணற்றில் போட்டார்கள், எந்தப் பெண் எப்படிக் கத்தினாள் என்று சொல்லிச் சிரித்தார்கள். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

அண்டாவின் அடியில் மிஞ்சியதை வழித்து வாளியில் போட்டு, அவித்த பூசணித் துண்டுகளையும் சேர்த்து, மேலே நாலு விரல் உயரத்துக்குத் தவிட்டைக் கொட்டினாள். மாட்டுக்குத் தீனி. தினமும் காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு, ஒரு கையில் வாளியும் தோளில் மண்வெட்டியுமாக நாணலுக்குப் போனாள். யாராவது கேட்டால் வாய்க்காலைத் தூர் எடுக்கப் போகிறேன் என்பாள். கொன்றவர்களுக்கும் ஒளிந்திருந்தவர்களுக்கும் ஒரே அண்டாவில் ஆக்கினாள். முதல் நாள் வாளியைக் கீழே வைத்தபோது மவ்லுதா ஒரு கவளம் வாயில் போட்டாள், மென்றாள், பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தாள். எந்த ஆட்டுக் கறி என்று தெரிந்துவிட்டது. பிறகு குழந்தைகளுக்கு ஊட்டினாள்.

இருபத்திரண்டு பேரில் ஒருவன் ஷோத்மோன். ஓய்நிசாவின் நாத்தனார் நசாகத்தின் மகன். இருபத்திரண்டு வயது. சிறு வயதில் பாதி நாள் ஓய்நிசா வீட்டில்தான் கிடப்பான். துப்பாக்கி கைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மற்றவர்கள் அவனை இன்னும் பொடியன் என்று கேலிசெய்ததால், அவர்களைவிட ஒரு படி அதிகமாகச் செய்துகாட்டத் துடித்தான். கிணற்றில் போட்ட கதையை அதிகச் சத்தத்தோடு சொன்னவன் அவன்தான்.

எட்டாம் நாள் அவன் வாளி விளிம்பிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் எடுத்துப் பார்த்தான். மோந்து பார்த்தான், சீரக வாசனை.

"என்ன அத்தே, உங்க மாடு புலாவ் எல்லாம் திங்குதா? பால் மட்டும் ஒரு டம்ளருக்கு மேல கறக்க மாட்டேங்குது?"

நீங்கள் கொட்டிச் சிந்துவதைக் கூட்டி அள்ளிப் போடுகிறேன் என்றாள் ஓய்நிசா. அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மறுநாள் காலை நாணலுக்குள் வாளியை இறக்கிவைத்து, தவிட்டை ஒதுக்கி, மிர்சோ கிழவருக்கு முதல் கரண்டியைப் போட்டபோது பின்னால் நாணல் முறிந்தது. ஷோத்மோன் நின்றிருந்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. பரீட்சையில் பாஸானவன் முகம் மாதிரி இருந்தது.

கிழவர் எழுந்திருக்க முயன்றார். ஷோத்மோன் துப்பாக்கிக் கட்டையால் அவர் நெற்றியில் அடித்தான். அவர் விழுந்தார். விழுந்தவரை இன்னும் இரண்டு முறை அடித்தான், ஆப்பு அறைகிறவன் மாதிரி, நிதானமாக. கடைசி அடிக்குப் பிறகு கிழவர் வாயில் போட்ட சோறு தாடியில் ஒட்டியிருந்தது. குழந்தைகள் சத்தம் போடவில்லை. எட்டு நாளில் சத்தம் போடாமலிருக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். சலோமத் மட்டும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"அத்தே, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றான். குரலில் பாசம்கூட இருந்தது. "உங்க பேரு வெளிய வராது. அம்மா மேல சத்தியம். நானே கண்டுபிடிச்சேன்னு சொல்லிக்கறேன். நீங்க போய் அடுப்பப் பாருங்க."

"ஷோத்மோன், இதுங்க பச்சப் புள்ளைங்கடா. பாக்காத மாதிரி போயிடு. நான் உன் கால்ல விழறேன்" என்றாள்.

"இன்னிக்கு இதோட போனா இனிமே எவனும் என்னைப் பொடியன்னு கூப்பிட மாட்டான், அத்தே."

அவன் மவ்லுதாவின் மூத்த பெண் அன்சுரத்தின் பின்னலைப் பிடித்துக் கையில் சுற்றி இழுத்தான். அவளுக்குப் பதினாலு வயது. அவள் ஒரு நாணல் தூரைப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுத்த இழுப்பில் தலையில் ஒரு பக்கத்து முடி தோலோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. மவ்லுதா அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவளை உதறித்தள்ள அவன் திரும்பியபோது ஓய்நிசாவுக்கு அவன் பிடரி தெரிந்தது. சின்ன வயதில் அவளே மொட்டையடித்து எண்ணெய் தேய்த்த பிடரி.

மண்வெட்டி அவள் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. வாய்க்கால் கரையை வெட்டுவதுபோல் ஓங்கி இறக்கினாள். மண்வெட்டித் தகடு எலும்பில் மாட்டிக்கொண்டது. காலை வைத்து அழுத்தி உருவி மறுபடியும் இறக்கினாள். அவன் முழங்காலிட்டு உட்கார்ந்து, முன்பக்கம் சாய்ந்தான். "அத்தே" என்றான். கேள்வி கேட்பதுபோல இருந்தது. பிறகு வாயிலிருந்து ரத்தம் மட்டும் வந்தது. கால்கள் கொஞ்ச நேரம் சேற்றை உதைத்தன.

மவ்லுதாவும் டீச்சரும் சேர்ந்து அவனை இழுத்துப்போய்ச் சேற்றில் அமுக்கி, மேலே நாணலை வெட்டிப் போட்டார்கள். கிழவரை அவனைவிட்டுத் தள்ளிக் கிடத்தினார்கள். ஓய்நிசா வாய்க்கால் தண்ணீரில் கைகளை முழங்கைவரை கழுவினாள். மதியம் திரும்பி வருகிறேன், அதுவரை சாப்பிடுங்கள், எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், நடக்க வேண்டியிருக்கும் என்றாள். அந்தச் சோற்றை அவர்கள் அங்கேயே, ரத்தம் காயாத இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் நசாகத் உட்கார்ந்திருந்தாள். மகனுக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் கொண்டுவந்திருந்தாள். அவன் எங்கே என்று கேட்டாள். தெரியவில்லை, ஆற்றுப்பக்கம் போயிருப்பான் என்றாள் ஓய்நிசா. நசாகத் சும்மா இருக்கமாட்டாள். கத்தியை எடுத்துக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு கூடை வெங்காயத்தை உரித்தார்கள். இருவர் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. அதற்காக ஓய்நிசா கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

"அடிக்காந்தலை அவனுக்கு எடுத்து வை ஓய்நிசா. அதுன்னா அவனுக்கு உசுரு" என்றாள் நசாகத்.

"வைக்கறேன் மதினி" என்றாள் ஓய்நிசா. எடுத்தும் வைத்தாள்.

அன்று அவள் இரண்டு ஆட்டு வால் கொழுப்பை உருக்கினாள். கறியைக் கணக்குப் பார்க்காமல் போட்டாள். பண்ணைக் கடையில் கொள்ளையடித்த வோட்கா பெட்டி பெட்டியாக இருந்தது. தின்று குடித்து மதியம் இரண்டு மணிக்கு எல்லாரும் வெயிலில் கம்பளத்தின்மேல் சாய்ந்தார்கள். காவலுக்கு நின்றவன்கூட லாரிச் சக்கரத்தில் சாய்ந்தபடி தூங்கிப்போனான். நசாகத்தை அவள் முன்பே வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு ரொட்டிகளைத் துணியில் கட்டி இடுப்பில் சுற்றிக்கொண்டு, தோளில் மண்வெட்டியோடு நாணலுக்கு மாட்டை ஓட்டினாள்.

வடிகால் கால்வாயின் பள்ளத்துக்குள்ளேயே நடந்தால் நாலு கிலோமீட்டரில் பெரிய கால்வாய். அதன்மேல் ஒரு இரும்புக்குழாய் போகிறது. குழாயைத் தாண்டிவிட்டால் இன்னும் இரண்டு மணி நேர நடையில் ருஷ்யப் பட்டாளத்தின் முகாம். உயிர் தப்பிய ஆயிரக்கணக்கானவர்கள் அதன் முள்வேலிக்குள் கிடக்கிறார்கள் என்று அந்த இருபத்திரண்டு பேர்தான் சாப்பிடும்போது பேசிக்கொண்டார்கள். முழங்கால்வரை உப்புத்தண்ணீரில் எல்லாரும் நடந்தார்கள். நடக்க முடியாத குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். குழாயில் குதிரைமேல் உட்காருவதுபோல் உட்கார்ந்து ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக சலோமத் ஏறினாள். அவள் நடுவில் இருந்தபோது கால்வாய்க் கரையிலிருந்த பம்ப் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு துப்பாக்கி வெடித்தது. முதல் குண்டு இரும்பில் பட்டு ஓசை எழுப்பியது. இரண்டாவது ஓசை எழுப்பவில்லை. சலோமத் பக்கவாட்டில் சரிந்து தண்ணீரில் விழுந்தாள். அவள் பாவாடை கொஞ்ச நேரம் காற்றில் உப்பி மிதந்தது. அக்கரையில் அவளுடைய மூன்று குழந்தைகளும் அதைப் பார்த்தன. மவ்லுதா இரண்டு குழந்தைகளை இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். டீச்சர் மூன்றாவதைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போனாள். மற்ற பிள்ளைகள் பின்னால் ஓடின.

ஒன்பது பேர் முகாம் போய்ச் சேர்ந்தார்கள்.

ஓய்நிசாவும் போயிருக்கலாம். குழாய்க்கு இந்தப் பக்கம் கோரைக்குள் மூச்சைப் பிடித்துக் கிடந்தபோது அதைத்தான் நினைத்தாள். ஆனால் சாயங்காலச் சாப்பாட்டுக்கு அவள் இல்லையென்றால் ஹைதர் அப்போதே லாரியை எடுப்பான். சாலை வழியாகப் போனால் முகாம் வாசலுக்கு அவர்களுக்கு முன்னாலேயே போய்விடுவான். அவள் மண்வெட்டியைக் கால்வாயில் வீசிவிட்டுத் திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டி மாவுக் கஞ்சி காய்ச்சி எல்லாருக்கும் ஊற்றினாள்.

மறுநாள் நரிகள் ஷோத்மோனைச் சேற்றிலிருந்து இழுத்துப்போட்டிருந்தன. ஹைதர் பிணத்தைப் புரட்டிக் கழுத்தைப் பார்த்தான். பம்ப் வீட்டுக் காவல்காரன் முந்தின நாள் குழாயில் ஒரு பெண்ணைச் சுட்டதாகச் சொன்னான். இரண்டையும் சேர்த்து யோசிக்க ஹைதருக்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை.

"உன் மண்வெட்டி எங்கடி?" என்று கேட்டான்.

பதுங்குகுழி வெட்ட உன் ஆட்கள்தான் எடுத்துப்போனார்கள் என்றாள். அவன் நம்பவில்லை. அவள் வலது கையைப் பிடித்து, கனன்றுகொண்டிருந்த தந்தூர் அடுப்புக்குள் விட்டு, ரொட்டியை ஒட்டுவதுபோல உட்சுவரில் வைத்து அழுத்தினான். யார் வெட்டியது என்று கேட்டான். அவள் கத்தினாள், ஆனால் பேர் எதுவும் சொல்லவில்லை. மலைக்காரர்கள் வெட்டியிருப்பார்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தன் கை வேகிற வாசனை அவளுக்கே வந்தது. மறுபடி கேட்டான், மறுபடி அழுத்தினான். பிறகு அவளைத் தரையில் தள்ளித் துப்பாக்கியைக் கழுத்தில் வைத்தான்.

அப்போது நசாகத் ஓடிவந்தாள். மகன் பிணத்தைக் கழுவிவிட்டு வந்த ஈரக் கைகளோடு ஓய்நிசாவின்மேல் விழுந்து தன் உடம்பால் மூடிக்கொண்டாள்.

"என் புள்ளைக்கு இவ பாலூட்டாத குறைதான். நேத்திக்கு அவனுக்குன்னு அடிக்காந்தல் எடுத்து வெச்சிருந்தா, நான் என் கண்ணால பாத்தேன். இவளைச் சுடறதுன்னா மொதல்ல என்னைச் சுடு."

செத்த பையனின் தாயைச் சுட ஹைதருக்குத் துணிவில்லை. அவன் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காறித் துப்பிவிட்டு, வைக்கோல் போருக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் தீ வைத்தான். பூசணிகளை ஒவ்வொன்றாகச் சுட்டு உடைத்தார்கள். மூன்று நாள் கழித்துத் தலைநகருக்குப் போகும் படையோடு சேர உத்தரவு வந்து எல்லாரும் லாரி ஏறினார்கள். ஹைதர் அந்தக் குளிர்காலத்திலேயே எங்கோ ஒரு மலைக்கணவாயில் கண்ணிவெடியில் போனான் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். ஓய்நிசாவின் கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அடுத்த மூன்று மாதமும் புண்ணுக்கு மருந்து போட்டு, அவளுக்கு ஊட்டிவிட்டவள் நசாகத்.

சண்டை ஓய ஐந்து வருஷம் ஆயிற்று. போனவர்களில் சிலர் திரும்பினார்கள். மவ்லுதா பெண்களோடும் சலோமத்தின் குழந்தைகளோடும் வந்து, கூரையில்லாத வீட்டில் தார்ப்பாய் கட்டிக் குடியேறினாள். அந்த வருஷம் ரொட்டிக்குச் சனங்கள் அடித்துக்கொண்டார்கள். மாவு லாரி வந்தால் கத்தி எடுத்தார்கள். ஓய்நிசா இடது கையால் மண்வெட்டி பிடிக்கப் பழகியிருந்தாள். பருத்தி போட்டுக்கொண்டிருந்த வயல் ஓரத்திலும் கோதுமையும் பூசணியும் போட்டாள். மவ்லுதாவும் அவளும் சேர்ந்து தெருமுனையில் அண்டா வைத்து, வருகிறவர்களுக்கு எல்லாம் பூசணி போட்ட மாவுக் கஞ்சி ஊற்றினார்கள். எந்த லாரியில் வந்தவர்கள் என்று கேட்கவில்லை. வந்தவர்களில் நசாகத்தும் ஒருத்தி. அவளுக்கு வேறு நாதியில்லை. அன்சுரத் ஊற்றும் கஞ்சியை வாங்கிக்கொண்டு ஓய்நிசாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து குடிப்பாள்.

ஒரு நாள் குடித்து முடித்ததும் ஓய்நிசாவின் ஒட்டிப்போன விரல்களை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் புள்ள கடைசியா சாப்பிட்டது இந்தக் கையாலதான். இந்தக் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது" என்றாள்.

ஓய்நிசாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவளைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போய், யாரும் குறுக்கே வரக்கூடாது என்று மவ்லுதாவிடம் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். வாளியை, கிழவரை, பின்னலை, பிடரியை. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று நசாகத் கேட்டாள். அதையும் சொன்னாள்.

நசாகத் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த திராட்சைக்கொடிக் கம்பை எடுத்து அவளை அடித்தாள். தோளில், முதுகில், தலையில், தடுக்க உயர்ந்த முழங்கையில். கம்பு உடைந்ததும் உடைந்த துண்டால் அடித்தாள். ஓய்நிசா குப்புற விழுந்து வெங்காயப் பாத்தியில் கிடந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மவ்லுதா அழுதுகொண்டு நின்றாள், ஆனால் வரவில்லை. கை ஓய்ந்தபிறகு நசாகத் கம்பைப் போட்டுவிட்டு நடந்து போனாள். ஓய்நிசாவுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது.

அதற்குப்பிறகு நசாகத் அண்டாப் பக்கம் வரவில்லை. ஓய்நிசா படுக்கையிலிருந்தபடி அன்சுரத்திடம் கஞ்சியைக் கொடுத்தனுப்பினாள். முதல் நாள் நசாகத் அதை அவள் காலடியில் விசிறிக் கொட்டினாள். இரண்டாம் நாள் கதவே திறக்கவில்லை. அன்சுரத் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு வந்தாள். போகவேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை, போ என்று யாரும் வற்புறுத்தவும் இல்லை. அவளாகவே போனாள். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். கதவு திறந்தது.

"நீதானா அது?" என்று கேட்டாள் நசாகத்.

அன்சுரத் தலைத்துணியை ஒரு பக்கம் விலக்கிக் காட்டினாள். உள்ளங்கை அகலத்துக்கு முடி முளைக்காத வழுவழுப்பான இடம் அங்கே இருந்தது. நசாகத் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்கினாள், தொடாமலே இறக்கிக்கொண்டாள். பிறகு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சாகும்வரை, நாலு வருஷம், ஓய்நிசா அனுப்பியதைத்தான் நசாகத் சாப்பிட்டாள். கிண்ணம் தினமும் கழுவி, வாசலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஓய்நிசாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் எதிரே பார்த்தால் நின்று வழிவிட்டு, அவள் போனபிறகு நடப்பாள். ஒரு வசவாவது வைதிருக்கலாம் என்று ஓய்நிசா மவ்லுதாவிடம் அடிக்கடி சொல்வாள். சொல்லிவிட்டு, மறுநாள் கஞ்சிக்குப் பூசணி அரிய உட்காருவாள்.